160 ஏக்கர் புல்வெளி... மாசம் 51 ரூபாய் வாடகை! சென்னையில் கோல்ப் ஆட நல்ல மைதானம் எது?

சென்னை,

சென்னையில் கோல்ப் ஆட நல்ல மைதானம் எது?

கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் குதிரைப் பந்தயம், ஐகோர்ட்டு, வேளச்சேரி வெள்ளம், வேட்டி சட்டம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. "பணக்காரங்க விளையாட்டு, நமக்கென்ன?" என்று ஒதுங்கவும் முடியாது. ஏன்னா, விளையாடுகிற இடத்தில் பெரும் பங்கு நம்ம இடம். அதாவது அரசாங்க நிலம்!

இதுபற்றி ஒரு அலசல்:-

ரெண்டே ரெண்டு

ஒரு கோடிக்கு மேல் ஜனம் நெருக்கியடித்து வாழும் சென்னையில், பெயர் சொல்லும்படியான 18 குழி கோல்ப் மைதானம் என்று பேசப்பட்டது இரண்டுதான். ஒன்று கிண்டி ரேஸ் கோர்சுக்குள் இருந்த ஜிம்கானா கிளப் மைதானம். இன்னொன்று அண்ணா சாலை நந்தனத்தில் இருக்கும் காஸ்மோபாலிடன் கிளப் மைதானம்.

ரெண்டுமே வெள்ளைக்காரன் காலத்து கிளப்புகள். காஸ்மோபாலிடன் 1873-ல் தொடங்கியது. ஜிம்கானா 1884-ல் தொடங்கியது. தாய் கிளப் ஒன்று மவுண்ட்ரோட்டில், மற்றொன்று தீவுத்திடலில் இருக்கிறது. கோல்புக்காக மட்டும் தனியாக இந்த ரெண்டு பெரிய இடங்கள்.

கிண்டி மைதானம் இருந்த விதமே தனி. குதிரை ஓடிய வட்டப் பாதைக்கு உள்ளே, நட்டநடுவில் கோல்ப் புல்வெளி. மேல்தட்டு மக்களின் ரெண்டு பொழுதுபோக்கும் ஒரே காம்பவுண்டில்!

நல்ல மைதானம்னா என்ன?

கோல்ப் தெரியாதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம். பந்தின் எடை அதிகபட்சம் 46 கிராம்தான். அதை மட்டையால் அடித்து அடித்து, நாலேகால் அங்குல அகலக் குழிக்குள் தள்ள வேண்டும். இப்படி 18 குழி. குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயித்தார். தமிழில் அழகாக 'குழிப்பந்தாட்டம்' என்பார்கள்.

கிரிக்கெட் பிட்ச் எங்கே போனாலும் 22 கெஜம்தான். கோல்ப் அப்படி இல்லை. ஒவ்வொரு மைதானமும் ஒவ்வொரு மாதிரி. ஒரு இடத்தில் நடுவில் குளம் இருக்கும். ஒரு இடத்தில் மணல் பள்ளம் வாயைப் பிளந்து நிற்கும். ஒரு குழி மூணு அடியில் முடிக்கிற மாதிரி, ஒரு குழி அஞ்சு அடி கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு முழு ஆட்டம் முடிய 4 மணி நேரம் ஆகும். 6, 7 கிலோ மீட்டர் நடக்க வேண்டி வரும்.

அதனால்தான் கோல்ப் பிரியர்கள் ஊர் ஊராக மைதானம் தேடி அலைகிறார்கள். குழியைச் சுற்றியுள்ள புல் சீராக வெட்டியிருக்கிறதா, மழை பெய்தால் தண்ணீர் வடிகிறதா, நிழல் இருக்கிறதா, கூட்டம் இல்லாமல் ஆட முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது புல்லை இல்லை. கேட்டை! அது யாருக்குத் திறக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

உள்ளே போக என்ன வழி?

கிளப் மைதானத்தில் ஆட ராஜபாட்டை, உறுப்பினர் ஆவது. பழைய கிளப்புகளில் அது லேசில் நடக்காது. நுழைவுக் கட்டணமே சாதாரண சம்பளக்காரர் கனவிலும் நினைக்க முடியாத தொகை. பணம் இருந்தாலும் வரிசையில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போவது. இல்லாவிட்டால் வேறு ஊர் கிளப்பில் உறுப்பினராக இருந்து, அந்த ஒப்பந்தத்தில் ஆடுவது.

மூன்றாவது வழி, வெளியாள் என்று சொல்லி ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுவது. பெரிய ஊர்களில் இது ஆயிரக்கணக்கில் வரும். எல்லா கிளப்பும் எல்லா நாளும் இதை அனுமதிப்பதில்லை. போகும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியூர் போகலாம் என்றால் கோவை செட்டிபாளையம், ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் வெலிங்டன் என்று மைதானங்கள் உண்டு. கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ல் தொடங்கியது. மலைக்காற்றும் சரிவும் சேர்ந்து ஆட்டத்துக்கு ருசி கொடுக்கும் என்பார்கள். பெங்களூருக்குப் போனால் 1876-ல் தொடங்கிய பழைய கிளப்பே நகரத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஒரு ஆட்டத்துக்காக ஆறு மணி நேரம் பயணம் போவது எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா?

மாசம் 51 ரூபாய்!

இப்போது கிண்டிக்கு வருவோம். ரேஸ் கோர்ஸ் நிலம் மொத்தம் 160 ஏக்கர் 86 சென்ட். நம்ம கணக்கில் சொன்னால் சுமார் 2 ஆயிரத்து 900 கிரவுண்டு!

அரசுக்குச் சொந்தமான இந்த இடத்தை 1945-ம் ஆண்டு முதல் 99 வருஷக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப் எடுத்தது. வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். மாசத்துக்குப் பிரித்தால் 51 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு வருஷத்துக்கு 4 ரூபாய்கூட வரவில்லை. டீக்கடையில் ரெண்டு பேர் டீ, வடை சாப்பிட்டால் அந்த மாச வாடகை தீர்ந்துபோகும்!

1945-ல் 614 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது உண்மைதான். அதற்குப் பிறகு கிண்டி எங்கே போய்விட்டது? ஒரு பக்கம் மெட்ரோ ரெயில், ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனிகள். வாடகை மட்டும் அதே 614-ல் நிற்கலாமா என்று அரசு கேட்டது. 1970-ல் இருந்து வாடகையை உயர்த்தி நோட்டீஸ் விட்டது. குத்தகைப் பத்திரத்தில் வாடகையை உயர்த்தலாம் என்று எழுதவே இல்லையே என்பது ரேஸ் கிளப்பின் வாதம். குத்தகைக் காலம் முடிய 2044 வரை இருக்கிறது என்பதும் அவர்கள் பக்க நியாயம்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐகோர்ட்டு தீர்ப்பு வந்தது. 730 கோடியே 86 லட்சம் ரூபாய் வாடகை பாக்கியை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அரசு நிலத்தை மீட்கலாம் என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

சீல் வைத்த நாள்

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அடி ஊட்டியில் விழுந்தது. அங்குள்ள 52 ஏக்கர் ரேஸ் கோர்சை, 822 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி வருவாய்த்துறை கையகப்படுத்தியது.

அடுத்து கிண்டி. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் குத்தகையை அரசு ரத்து செய்தது. 9-ந்தேதி அதிகாரிகள் போலீஸ் பாதுகாப்போடு வந்து ரேஸ் கோர்சுக்கு சீல் வைத்தார்கள்.

ரேஸ் கிளப்போடு பிரச்சினை என்றாலும், மைதானத்தின் நடுவில் இருந்த கோல்ப் ஆட்டக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். வீட்டு ஓனருக்கும் வாடகைதாரருக்கும் சண்டை வந்தால், உள்வாடகைக்கு இருப்பவர் முழிப்பாரே, அந்தக் கதைதான். ஜிம்கானா கிளப்பும் கோர்ட்டு படி ஏறியது.

அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைப்பதாக அரசு அறிவித்தது. தண்ணீர் தேங்க வைக்க குளம் வெட்டும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. இதை எதிர்த்தும் ஆதரித்தும் 2025-லும் வழக்கு ஓடியது.

வேளச்சேரிக்காரரைக் கேளுங்கள்

குளம் எதற்கு என்று கேட்பவர்கள் வேளச்சேரியில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு ஓடிய இடம் அது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது, வேளச்சேரியில் கட்டிடத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து 2 பேர் பலியான கொடுமையை மறக்க முடியுமா? பாலத்து மேலே காரை நிறுத்திவிட்டு விடிய விடிய தவிப்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வருஷா வருஷம் நடப்பதுதான்.

ரேஸ் கோர்ஸ் நிலத்தை நீர்நிலையாக மாற்றினால் வெள்ளம் குறையுமே என்று தேசிய பசுமை தீர்ப்பாயமும் 2024-ல் யோசனை சொன்னது.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அங்கே கட்டிடம் எழும்பாமல், மண் மண்ணாகவே இருந்ததற்கு குதிரையும் கோல்ப் பந்தும் ஒரு காரணம். அதே இடம் வேறு யார் கையிலாவது இருந்திருந்தால் அடுக்குமாடி, மால் என்று எப்போதோ கான்கிரீட் ஆகியிருக்கும். மழைத்தண்ணீர் இறங்க ஒரு அடி மண்ணும் மிச்சமிருக்காது.

அதற்காக புல்லுக்கு ஊற்றிய தண்ணீரைக் கேட்காமல் விட முடியுமா? 2019 கோடையில் இதே ஊர் லாரி பின்னால் குடத்தோடு ஓடியது. இனி எந்த மைதானம் என்றாலும், சுத்திகரித்த கழிவுநீரில்தான் புல் வளர்க்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

வேட்டி கட்டினால் வெளியே!

கிளப் கேட் என்றாலே நம்ம ஜனத்துக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 2014-ம் ஆண்டு ஜூலை மாதம், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஐகோர்ட்டு நீதிபதி ஒருவரையே சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாசமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

வேட்டிக்குக் கதவு திறந்துவிட்டது. வேட்டி கட்டிய ஆளின் பையனுக்கு மைதானம் திறந்ததா என்றால், அதுதான் இல்லை.

இவங்க அந்த 'கேடி' இல்லை

கோல்ப் மைதானத்துக்குள் தினமும் போய்வருகிற ஏழை ஒருவர் உண்டு. அவருக்குப் பெயர் 'கேடி'. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ தொங்குமே, அந்த கேடி இல்லைங்க! ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர். ஒரு பையில் 14 மட்டை வரை இருக்கும். 4 மணி நேரம் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். பந்து எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம், எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதும் இவர்தான்.

நம் நாட்டில் பெரும்பாலும் இவர்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி, மேலே அவர்கள் கொடுக்கும் டிப்ஸ். மைதானம் மூடினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. குத்தகை, பாக்கி, சீல் என்று பெரிய இடத்து சண்டையில் யாருமே பேசாத பெயர் இவர்களுடையதுதான்.

இவர்களுக்குத் திறமை இல்லையா? டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அந்தப் போட்டியை ஜெயித்த முதல் இந்தியரே அவர்தான்! பெங்களூரில் கேடியாக இருந்த சி.முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை தட்டினார். கொல்கத்தாவில் புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகன் சவுராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து ரெண்டு தடவை ஜெயித்துக் காட்டினார்.

மைதானத்துக்குள் கால் வைக்க வாய்ப்பு கிடைத்ததால் வந்த பட்டங்கள் இவை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-வது இடம் பிடித்தபோது, விடியற்காலையில் எழுந்து டி.வி. பார்த்த ஜனத்துக்கு இந்த விளையாட்டு பிடிக்காமலா போனது?

நாய்க்கும் இடம் உண்டு

கோல்ப் பிறந்த ஊர் என்று உலகமே கொண்டாடுவது ஸ்காட்லாந்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே இருக்கும் பழைய மைதானம் யாருக்குச் சொந்தம் தெரியுமா? எந்த கிளப்புக்கும் இல்லை. ஊர் ஜனத்துக்கு!

அந்த நிலத்தில் கோல்ப் ஆட ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு என்று 1552-ம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரருக்கும் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. அன்றைக்கு ஊர் ஜனம் குழந்தை குட்டியோடு, நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் ஹாயாக நடக்கிறது.

வெள்ளைக்காரன் அங்கிருந்து விளையாட்டை மட்டும் இங்கே கொண்டுவந்தான். திறந்த கேட்டைக் கொண்டுவர மறந்துவிட்டான். அவன் போன பிறகாவது நாம் திறந்தோமா?

டெல்லியில் திறந்திருக்கிறார்கள். டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-ம் ஆண்டு குதுப்மினார் பக்கத்தில் லாடோ சராயில் ஒரு மைதானம் திறந்தது. கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பணம் கட்டினால் யாரும் ஆடலாம். நாட்டின் முதல் பொது கோல்ப் மைதானம் என்று பெயர் வாங்கியது. சென்னையில் இந்த மாதிரி அரசே நடத்தும் மைதானம் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பக்கம் சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மூர் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் ஊர். நிலம் கொஞ்சம் என்பதால் குத்தகை முடிந்த மைதானங்களை அரசு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறது. கெப்பல் கிளப் இருந்த இடத்தில் சுமார் 9 ஆயிரம் வீடுகள், அதில் 6 ஆயிரம் அரசு வீடுகள் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆனால் அங்கேயும் ஒரு கோளாறு. 2024 ஜூன் மாதம் மூடப்பட்ட மெரினா பே மைதானம்தான், பொதுமக்கள் பணம் கட்டி ஆடக்கூடிய ஒரே 18 குழி மைதானமாக இருந்தது. பொது மைதானம் மூடியது, உறுப்பினர்களுக்கான கிளப்புகள் சில இன்னும் ஓடுகின்றன! மூடினால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதற்கு இது பாடம்.

என்னதான் செய்யலாம்?

கிண்டி நிலம் பூங்காவாக வேண்டுமா, குளமாக வேண்டுமா, கோல்ப் தொடர வேண்டுமா என்பதில் கடைசி வார்த்தை கோர்ட்டும் அரசும் சொல்ல வேண்டியது. ஆனால் எந்த முடிவு வந்தாலும் மூணு விஷயத்தை ஜனம் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, அங்கே மண் மண்ணாகவே இருக்க வேண்டும். பூங்கா என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கான்கிரீட் கொட்டினால் வேளச்சேரி மறுபடியும் மூழ்கும்.

இரண்டாவது, மட்டை தூக்கியவர்களுக்கும் புல் வெட்டியவர்களுக்கும் அந்த இடத்திலேயே வேலை வேண்டும். செடி வைக்க, புல் பராமரிக்க இவர்களைவிட அந்த மண்ணைத் தெரிந்தவர் யார்?

மூன்றாவது, அரசு நிலத்தில் கோல்ப் ஆடுவது என்றால், அது எந்த ஊர் மைதானமாக இருந்தாலும், வாரத்தில் சில நாளாவது வெளியாளுக்குத் திறக்க வேண்டும். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு கட்டணமில்லாமல் பயிற்சி கொடுக்க வேண்டும். 18 குழி வேண்டாம். பழகுவதற்கு ஒரு ஓரம், பத்து பழைய மட்டை, ஒரு வாளி பந்து போதும். பல கிளப்புகளில் திங்கட்கிழமை பராமரிப்புக்காக ஆட்டம் இருக்காது. அந்த ஒரு நாளில் தொடங்கலாமே!

நல்ல மைதானம் எது என்று கேட்டோம். புல் எவ்வளவு பச்சை என்பதை கிளப்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சைதாப்பேட்டை பையன் ஒருத்தன் நேராக நடந்து போய், காவலாளியிடம் கெஞ்சாமல், மட்டையைக் கையில் வாங்க முடிகிற மைதானம் எதுவோ, அதுதான் சென்னைக்கு நல்ல மைதானம்.

அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. அதைக் கொண்டுவரும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. செய்வார்களா?